ஒன்று ஏறினால் ஒன்று இறங்கும்

(இலங்கையின் மட்டக்களப்பு மாவட்டத்துக் கிரானில் ஆசிரியர்களும் உயர்தர மாணவர்களும் வேளாண்மைக்காரரும் கோழிப்பண்ணையாளரும் கூடியிருந்த பொதுக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நொதித்த கரைசலில் இருந்து அமினோவமிலங்களை அயன் பரிமாற்றத்தால் தூய்மையாக்குவது பற்றிப் பேசப் போகிறேன் என்று அழைப்பிதழில் போட்டிருக்கிறார்கள். இதைக் கிரானில் பேச என்ன தேவை என்று சிலர் யோசித்திருப்பீர்கள். இறைச்சிக் கோழி வளர்க்கிறவர்கள் நாளைக் காலை தீன் மூடையில் ஒட்டியிருக்கும் துண்டை ஒருதரம் வாசித்துப் பாருங்கள். சோளம், சோயா, தவிடு என்று போய்க் கடைசியில் லைசின், மெதியோனின் என்று சேர்மானங்கள் இருக்கும். அந்த லைசின் ஒரு பெரிய உருக்குத் தாங்கியில் பற்றீரியாக்கள் செய்தது. கொத்துரொட்டிக் கடையில் போடுகிற அஜினோமோட்டோவும் அப்படி வந்ததுதான். ஆஸ்பத்திரியில் சாப்பிட முடியாத நோயாளிக்கு நாளம் வழியாக ஏற்றுகிற அமினோவமிலக் கரைசலிலும் அதே வகைத் தாங்கிகளின் சரக்கு இருக்கிறது. தாங்கிக்குள் இருப்பது கலங்கிய, நாற்றமுள்ள ஒரு குழம்பு. மூடைக்குள் வருவது வெள்ளைப் பளிங்கு. இடையில் நடப்பதுதான் இன்றைய பேச்சு. அதோடு, அந்த இடைவேலைக்கு என்ன விலை கொடுக்கப்படுகிறது, அந்த விலை யார் வாசலில் போய் விழுகிறது என்பதும்.

முதலில் லைசினை அறிமுகப்படுத்திவிடுகிறேன். 1889இல் எட்மண்ட் ட்ரெக்சல் என்ற ஜெர்மன் வேதியியலாளர் பாற்புரதமான கேசினைச் சிதைத்து அதில் இருந்து இதைப் பிரித்தெடுத்தார். நம்முடைய எருமைத் தயிரைச் சட்டியில் உறைய வைப்பதும் கேசின்தான். எனவே தயிர் சாப்பிடும் நாமெல்லாம் லைசினைக் காலங்காலமாகச் சாப்பிட்டு வருகிறவர்கள். நம் உடம்பால் இதைச் செய்துகொள்ள முடியாது, கோழியாலும் முடியாது. உணவில்தான் வரவேண்டும். அரிசியில் இது குறைவு, சோளத்தில் இன்னும் குறைவு, பருப்பில் நிறைய உண்டு. சோற்றோடு பருப்பைச் சேர்த்துச் சாப்பிடும் வழக்கம் இந்தக் குறையைத் தன்பாட்டில் நிரப்பிவிடுகிறது. கோழிக்கு அந்த வேலையைச் சோயா செய்கிறது. ஆனால் சோயா விலை கூடியது. லைசின் ஒன்றின் பற்றாக்குறைக்காகக் கூடுதல் சோயா போட்டால் மற்ற அமினோவமிலங்கள் தேவைக்கு மேல் போய்விடும். கோழி அந்த மிச்சத்தை எரித்து நைதரசனை எச்சத்தில் விட்டுவிடும். ஒரு தொன் தீனுக்குச் சில கிலோ லைசின் கலந்தால் சோயாவைக் குறைக்கலாம், எச்சத்தில் போகும் நைதரசனும் குறையும். இதனால்தான் உலகம் ஆண்டுக்கு இருபது இலட்சம் தொன்னுக்கு மேல் லைசின் செய்கிறது.

இந்தத் தொழிலின் தொடக்கம் சமையலறையில் இருந்தது. 1908இல் தோக்கியோவில் கிகுனே இகேதா என்ற பேராசிரியர் கொம்பு என்ற கடற்பாசிச் சாற்றின் சுவைக்குக் காரணம் குளுட்டாமிக் அமிலம் என்று கண்டார். அடுத்த ஆண்டே அதன் சோடியம் உப்பு அஜினோமோட்டோ என்ற பெயரில் கடைக்கு வந்தது. அப்போது அதைக் கோதுமைப் புரதத்தை அமிலத்தில் கொதிக்கவைத்துச் செய்தார்கள். ஏறத்தாழ அரை நூற்றாண்டு அப்படியே ஓடியது. 1956இல் ஜப்பானின் கியோவா ஹக்கோ நிறுவனத்தில் ஷுகுவோ கினோஷித்தாவின் குழு, குளுட்டாமிக் அமிலத்தைத் தானே வெளியே கொட்டுகிற ஒரு பற்றீரியாவைப் பிடித்தது. இன்று அதற்கு கொரினெபாக்டீரியம் குளுட்டாமிக்கம் என்று பெயர். சாதாரணமாக எந்த உயிரும் தனக்கு வேண்டிய அமினோவமிலத்தை வீணாக வெளியே விடாது. ஆனால் இந்தப் பற்றீரியாவுக்கு பயோட்டின் என்ற விற்றமினை மட்டுப்படுத்திக் கொடுத்தால் அதன் சவ்வு தளர்ந்து, உள்ளே செய்த குளுட்டாமிக் அமிலம் வெளியேறுகிறது. இரண்டு ஆண்டுகளுக்குள் இதே இனத்தில் ஒரு விகாரியைத் தேர்ந்து லைசினையும் கொட்ட வைத்தார்கள்.

இன்றைய தாங்கிகள் பல இலட்சம் லீற்றர் கொள்ளுபவை. சீனி அல்லது மாவில் இருந்து எடுத்த குளுக்கோசு, இல்லாவிட்டால் கரும்பாலையின் மொலாசஸ் உள்ளே போகும். நைதரசனுக்கு அமோனியா ஊட்டுவார்கள். காற்றை இடைவிடாமல் அடிப்பார்கள். இரண்டு மூன்று நாளில் ஒரு லீற்றர் குழம்பில் 100 கிராமுக்கு மேல் லைசின் சேர்ந்துவிடும்.

நொதித்தல் முடிந்ததென்றால் பாதி வேலைதான் முடிந்தது. அந்தக் குழம்பில் லைசினோடு வேறு யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். கோடானுகோடிப் பற்றீரியா உடல்கள். தின்று தீராத மிச்சச் சீனி. பொற்றாசியம், கல்சியம், மகனீசியம், அமோனியம் ஆகியவற்றின் உப்புகள். மொலாசஸில் இருந்து வந்த கரும்பழுப்பு நிறப்பொருள். சிதைந்த புரதத் துண்டுகள். வேறு அமினோவமிலங்களும் கொஞ்சம். இவ்வளவுக்கும் நடுவில் இருந்து ஒருவரை மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வெளியே எடுக்க வேண்டும்.

குளுட்டாமிக் அமிலத்துக்கு இது அவ்வளவு கடினமில்லை. பிள்ளைகளே, அமினோவமிலத்தில் குறைந்தது ஒரு அமிலக் கூட்டமும் ஒரு அமைன் கூட்டமும் இருக்கும் என்று படித்திருப்பீர்கள். அமிலக் கூட்டம் புரோத்தனை இழந்து மறையேற்றம் பெறும். அமைன் கூட்டம் புரோத்தனை ஏற்று நேரேற்றம் பெறும். கரைசலின் பீஎச் பெறுமானத்தைப் பொறுத்து மொத்த ஏற்றம் மாறும். இரண்டும் சரிக்குச் சரியாகி மொத்தம் பூச்சியமாகும் இடம் ஒவ்வொரு அமினோவமிலத்துக்கும் தனித்தனி. குளுட்டாமிக் அமிலத்துக்கு அது 3.2. அந்த இடத்தில் அதற்கு நீரோடு பிடிமானம் குறைவு. 25 பாகை வெப்பநிலையில் ஒரு லீற்றர் நீரில் 9 கிராம்கூடக் கரையாது. குழம்பில் 100 கிராம் இருக்கும்போது பீஎச்சை 3.2க்குக் கொண்டுவந்து குளிரவைத்தால் பெரும்பகுதி பளிங்காகி அடியில் விழுந்துவிடும். மிச்சக் கரைசலில் தங்கியதை மட்டும் வேறு வழியில் தேடினால் போதும்.

லைசின் இதற்கு மசியாது. அதில் அமிலக் கூட்டம் ஒன்று, அமைன் கூட்டங்கள் இரண்டு. ஏற்றம் பூச்சியமாகும் இடம் 9.7. அங்கேயும் அது நீரில் தாராளமாகக் கரைந்துதான் இருக்கும். குளிரவைத்தாலும் விழாது. நீரை வற்றவைத்தால் எல்லா அழுக்கோடும் சேர்ந்து ஒரு பிசுபிசுத்த பாகாகும். அப்படியானால் எதைப் பிடித்து அதை இழுப்பது? அதன் ஏற்றத்தைத்தான். 9.7க்குக் கீழே எங்கு வைத்தாலும் லைசின் நேரேற்றத்தோடு இருக்கும். நேரேற்றம் உள்ளவற்றை மட்டும் பிடித்து வைக்கிற ஒரு பொருள் கிடைத்தால் வேலை நடக்கும்.

அப்படிப்பட்ட பொருள் இந்தச் சபையில் பலருடைய காலில் தினமும் ஒட்டுகிறது.

1840களின் நடுவில் இங்கிலாந்தின் யோர்க்சயரில் தொம்சன் என்ற நிலச்சுவாந்தர் ஒரு கேள்வி கேட்டார்: எருக்குவியலில் இருந்து வடியும் அமோனியாச் சத்து மழையில் ஏன் முழுக்கக் கழுவிக்கொண்டு போவதில்லை? அவர் மண்ணில் அமோனியம் சல்பேற்றுக் கரைசலை ஊற்றிப் பார்த்தார். கீழே வந்தது பெரும்பாலும் கல்சியம் சல்பேற்று. அமோனியம் மண்ணில் நின்றுவிட்டது. அதை ஜோன் தோமஸ் வே என்ற வேதியியலாளர் எடுத்து முறையாகச் சோதித்து 1850இலும் 1852இலும் வெளியிட்டார். மண் அமோனியத்தைச் சும்மா உறிஞ்சவில்லை. எவ்வளவு அமோனியம் நின்றதோ அதற்குச் சமவலுவான கல்சியம் வெளியேறியது என்று கண்டார். அயன் பரிமாற்றம் என்ற துறை அங்கேதான் பிறந்தது. வயல் மண்ணில் பிறந்த அறிவு இது.

மேசையில் இரண்டு வெட்டிய போத்தல்கள் வைத்திருக்கிறேன். ஒன்றில் நன்றாகக் கழுவிய மணல். மற்றதில் வட்டையில் இருந்து எடுத்த களிமண், நீர் இறங்குவதற்காகக் கொஞ்சம் மணல் கலந்தது. இரண்டிலும் ஒரே அளவு மெதிலீன் நீலக் கரைசலை விடுகிறேன். இது நேரேற்றமுள்ள சாயம். மணல் போத்தலின் அடியில் நீலம் வடிகிறது. களிமண் போத்தலில் வடிவதைப் பாருங்கள், நிறமில்லை. களித்துகள்களின் மேற்பரப்பில் நிலையான மறையேற்றம் உண்டு. அது சாயத்தைப் பிடித்துக்கொண்டு, அதுவரை அங்கே இருந்த கல்சியம், சோடியம் போன்றவற்றை விட்டுவிட்டது. கரையோர மணற்காணியில் யூரியாவை ஒரே தரத்தில் போட்டால் மழை கொண்டுபோய்விடும், சிறுகச் சிறுகப் போடுங்கள், மாட்டெருவைக் கூடச் சேருங்கள் என்று விவசாயப் போதனாசிரியர்கள் சொல்வதன் காரணம் இந்தப் போத்தலில் இருக்கிறது. மணலில் பிடித்துவைக்கும் இடம் குறைவு. எரு அந்த இடத்தைக் கூட்டுகிறது. உப்புத் தண்ணீர் ஏறிய வயலில் களியின் இடங்களை சோடியம் நிரப்பிவிடுகிறது. ஜிப்சம் போட்டால் கல்சியம் அந்த இடங்களை மீட்டுக்கொள்கிறது. எல்லாம் ஒரே கணக்கு.

பஸ் ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். ஆசனங்கள் எல்லாம் நிரம்பியிருக்கின்றன, நின்றுகொண்டு போக அனுமதி இல்லை. ஒருவர் இறங்கினால்தான் ஒருவர் ஏறலாம். அயன் பரிமாறியின் சட்டம் இதுதான். ஆசனம் ஒருபோதும் வெறுமையாக இருக்காது. இரண்டு ஏற்றம் உள்ளவர் ஏறினால் இரண்டு ஆசனம் எடுப்பார், ஒற்றை ஏற்றம் உள்ள இருவரை இறக்குவார். இந்த ஆசனக் கணக்கைக் கடைசிவரை மனதில் வைத்திருங்கள்.

களிமண்ணைத் தொழிற்சாலைக் குழாய்க்குள் அடைக்க முடியாது. சேறாகி அடைத்துக்கொள்ளும், அமிலத்தில் சிதையும். 1935இல் இங்கிலாந்தின் டெடிங்டனில் அடம்ஸ், ஹோம்ஸ் என்ற இருவர் செயற்கை ரெசினால் இதைச் செய்யலாம் என்று காட்டினார்கள். 1940களில் அமெரிக்காவில் டலேலியோ என்பவர் பொலிஸ்டைரீன் மணிகளில் சல்போனிக் அமிலக் கூட்டங்களைப் பொருத்தும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். இன்றும் பெரும்பாலும் அதுவே. ஒரு மில்லிமீற்றருக்கு முன்பின்னான மணிகள். ஒவ்வொன்றும் உள்ளே வலைபோல் பின்னிய பொலிமர். வலை முழுக்க நகராத மறையேற்றங்கள். ஒரு லீற்றர் ரெசினில் ஏறத்தாழ 2 மூல் ஆசனங்கள் இருக்கும். வீட்டுக் கிணற்றின் வன்னீரை மென்னீராக்கும் சாதனத்துக்குள் இருப்பதும் இதே மணிகள்தான்.

அமினோவமிலங்களை இந்த மணிகளால் ஒன்றிலிருந்து ஒன்றாகப் பிரிக்கும் கலையை வளர்த்தவர்கள் நியூயோர்க்கின் றொக்பெல்லர் நிறுவனத்தில் இருந்த ஸ்டான்போர்ட் மூர், வில்லியம் ஸ்டைன். ஒரு புரதத்தைச் சிதைத்து, ரெசின் நிரப்பிய நீண்ட குழாயில் ஏற்றி, பீஎச்சைப் படிப்படியாக மாற்றினார்கள். ஒவ்வொரு அமினோவமிலமும் தன் முறை வரும்போது இறங்கியது. நின்ஹைட்ரின் சேர்த்தால் ஊதா நிறம் காட்டியது. 1958இல் இதைத் தானாக இயங்கும் கருவியாக்கினார்கள். 124 அமினோவமிலங்கள் கொண்ட ரைபோநியூக்கிளியேஸ் என்ற நொதியத்தின் அமைப்பை அந்த வழியில் கண்டு, அதற்கும் நொதியத்தின் செயலுக்கும் உள்ள தொடர்பை விளக்கியதற்காக 1972இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள். அவர்கள் மில்லிகிராம் கணக்கில் செய்ததைத் தொழிற்சாலை தொன் கணக்கில் செய்கிறது. அளவு மாறும்போது சிக்கலும் மாறுகிறது.

இனித் தொழிற்சாலைக்குள் போவோம். நொதித்த குழம்பில் முதலில் சல்பூரிக்கமிலம் சேர்ப்பார்கள். பற்றீரியாக்கள் சாகும், லைசினின் நேரேற்றம் உறுதிப்படும். பிறகு மையநீக்கியிலோ நுண்வடிகட்டியிலோ உடல்களை அகற்றுவார்கள். தெளிந்த கரைசல் ரெசின் நிரப்பிய உயரமான கலன்களுக்குள் போகும். அங்கே ஆசனங்களில் முன்கூட்டியே அமோனியம் அயன்கள் இருக்கும். லைசின் வந்ததும் அமோனியம் எழுந்து இடம் கொடுக்கும். சீனிக்கு ஏற்றம் இல்லை. அது நிற்காமல் கீழே போய்விடும். சல்பேற்று, குளோரைட்டு, நிறப்பொருளில் பெரும்பகுதி எல்லாம் மறையேற்றம் கொண்டவை. அவற்றுக்கும் ஆசனம் இல்லை. பற்றீரியா தின்றது போக மிஞ்சிய அழுக்கில் பெரும்பங்கு இந்த ஒரே படியில் கழிந்துவிடுகிறது.

சிறிது நேரத்தில் முதற் கலன் நிரம்பும். நிரம்பிய பிறகும் ஊற்றினால் லைசின் அடியால் கசியும். அதனால் கலன்களைத் தொடராக வைப்பார்கள். முதலாவதில் இருந்து கசிவதை இரண்டாவது பிடிக்கும். முதலாவதைக் கழற்றி, நீரால் கழுவி, இறக்கும் வேலைக்கு அனுப்புவார்கள். கசிவு எப்போது தொடங்குகிறது என்பதைக் கண்டுபிடிப்பதில்தான் இயக்குநரின் கைத்திறன். முந்தினால் ரெசின் வீண், பிந்தினால் லைசின் வீண்.

பிடித்ததை இறக்குவதில்தான் இந்த முறையின் அழகு இருக்கிறது. ஐதான அமோனியாக் கரைசலை விடுகிறார்கள். கலனுக்குள் பீஎச் ஏறுகிறது. லைசினின் அமைன் கூட்டங்கள் புரோத்தனை இழக்கின்றன, நேரேற்றம் போகிறது. ஏற்றம் போனவருக்கு ஆசனத்தில் இருக்க உரிமை இல்லை. லைசின் இறங்கி நீரோடு வருகிறது. அந்த இடத்தில் மறுபடி அமோனியம் அமர்ந்து, கலன் அடுத்த சுற்றுக்குத் தயாராகிறது. குழம்போடு வந்து ஆசனம் பிடித்த பொற்றாசியம், கல்சியம் என்ன ஆகும்? அவற்றின் ஏற்றம் பீஎச்சுக்கு அசையாது. அமோனியா வந்தாலும் அவை அநேகமாக அப்படியே இருக்கும். ஆக, ஏறும்போது சீனியும் மறையேற்றங்களும் கழிகின்றன, இறங்கும்போது உலோக அயன்கள் பின்தங்குகின்றன. இரண்டு கதவிலும் சோதனை. அமினோவமிலத்துக்கு மட்டும் இரண்டிலும் வழி உண்டு, ஏனென்றால் தன் ஏற்றத்தை மாற்றிக்கொள்ளக் கூடியது இந்தக் கூட்டத்தில் அநேகமாக அது மட்டுமே.

பின்தங்கிய கல்சியமும் மகனீசியமும் நாளுக்கு நாள் கூடி ஆசனங்களைக் குறைக்கும். இரட்டை ஏற்றம் என்பதால் பிடியும் இறுக்கம். அவ்வப்போது அமிலம் விட்டு அவற்றைக் கழற்ற வேண்டும். சல்பூரிக்கமிலத்தைச் செறிவாக விட்டால் கல்சியம் ஜிப்சமாகி மணிகளுக்கு இடையில் படிந்து கலனை அடைத்துவிடும். அதனால் நிதானம் வேண்டும். மொலாசஸின் நிறப்பொருளில் ஒரு பங்கு மணிகளின் உள்ளே புகுந்து ஒட்டிக்கொண்டு ரெசினை மெல்ல மெல்லக் கறுப்பாக்கும். தூய குளுக்கோசுக்கு விலை கூட, ஆனால் ரெசின் நீண்டகாலம் உழைக்கும். மொலாசஸ் மலிவு, ஆனால் அந்த மலிவுக்கான காசைச் சுத்திகரிப்பில் கட்ட வேண்டும். நொதித்தல் பகுதியின் இலாபம் பிரித்தல் பகுதியின் நட்டமாகலாம் என்பதைத் தொழில் தெரிந்தவர்கள் இதனால்தான் முதலிலேயே கணக்கிடுகிறார்கள்.

இறங்கிய கரைசலைத் தாழ்ந்த அமுக்கத்தில் ஆவியாக்கினால் அமோனியா பிரிந்துபோகும். அதைப் பிடித்துத் திரும்பப் பாவிப்பார்கள். பிறகு ஐதரோக்குளோரிக்கமிலம் சேர்த்து, செறிவாக்கி, குளிரவைத்தால் லைசின் ஐதரோகுளோரைட்டுப் பளிங்குகள் பிறக்கும். உலர்த்தி மூடை கட்டினால் தீன் ஆலைக்குப் போகலாம்.

இதுவரை கேட்டதில் ஒரு குறையும் தெரியாது. இனி ஆசனக் கணக்கைத் திறப்போம். உயர்தர மாணவர்கள் கொப்பியை எடுங்கள்.

லைசின் ஐதரோகுளோரைட்டின் மூலர்த் திணிவு ஏறத்தாழ 182.65. ஒரு தொன்னில் சுமார் 5,475 மூல். ஒவ்வொரு லைசினும் ஒற்றை நேரேற்றத்தோடு ஏறியது என்று வைப்போம். 5,475 மூல் அமோனியம் இறங்கியிருக்க வேண்டும். அது குழம்பில் உள்ள சல்பேற்றோடு போகும். இரண்டு அமோனியத்துக்கு ஒரு சல்பேற்று. கணக்குப் பார்த்தால் 362 கிலோ அமோனியம் சல்பேற்று. ஒரு தொன் பொருளுக்கு இவ்வளவு உப்பு, கழிவுநீரில். கரைசலின் பீஎச்சை 2 அளவுக்கு இறக்கி ஏற்றினால் லைசினில் பாதிக்கு மேற்பட்டவை இரட்டை நேரேற்றம் பெற்றுவிடும். எல்லாமே இரண்டு ஆசனம் பிடித்தால் உப்பு 723 கிலோவாகும், அதே ரெசின் பிடிக்கும் லைசினும் பாதியாகும். பீஎச் 5 அளவில் ஏற்றினால் பெரும்பாலும் ஒற்றை ஏற்றம். பீஎச் அளவியில் மூன்று அலகு வித்தியாசம், வாய்க்காலில் முந்நூறு கிலோவுக்கு மேலும் வித்தியாசம் வரலாம். இது சரியாக இயங்கும் ஒரு கலனின் தாள் கணக்கு மட்டுமே. நொதித்தலில் மிஞ்சிய அமோனியம், ரெசின் கழுவிய அமிலம், தின்று தீராத சீனி எல்லாம் இதன்மேல் சேரும்.

இதைக் குறைபாடு என்று சொல்ல மாட்டேன். இது அந்த முறையின் சட்டம். ஒன்று ஏறினால் ஒன்று இறங்கியே தீரும். இறங்கியதைப் பற்றிப் பேசாமல் ஏறியதைப் பற்றி மட்டும் பேசுகிற எந்தத் திட்ட அறிக்கையும் பாதிக் கணக்குத்தான். இன்று உங்களிடம் சொல்ல வந்தது இந்த ஒன்றைத்தான்.

உலகம் இதற்கு மூன்று வகையாகப் பதில் சொல்லியிருக்கிறது. முதலாவது, கலன்களைச் சுழற்சியாக இணைத்துத் தொடர்ந்து இயக்குவது. பல சிறு கலன்கள். ஒன்று ஏற்ற, ஒன்று கழுவ, ஒன்று இறக்க. ரெசினும் கழுவும் நீரும் அமோனியாவும் கணிசமாக மிச்சமாகும். ஆனால் ஆசனக் கணக்கின் உப்பு குறையாது. இரண்டாவது, அந்த உப்பை வற்றவைத்துப் பசளையாக விற்பது. 362 கிலோ அமோனியம் சல்பேற்றில் 76 கிலோவுக்கு மேல் நைதரசன் இருக்கிறது. அதை யூரியாவாகக் கணக்கிட்டால் ஐம்பது கிலோ மூடை மூன்றுக்கு மேல். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்த போகத்தில் அந்த மூன்று மூடை என்ன பெறுமதி என்பதை இங்கிருக்கும் வேளாண்மைக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆலையில் இருந்தால் கழிவு, வட்டைக்குப் போனால் பசளை. ஆனால் வற்றவைக்க எரிபொருள் வேண்டும்.

மூன்றாவது பதில் எனக்கு மிகவும் பிடித்தது: பரிமாற்றமே வேண்டாம் என்பது. கோழிக்கு எதற்கு அவ்வளவு தூய்மை? பற்றீரியா உடலும் புரதம்தானே. ஜெர்மனியின் டெகுஸா நிறுவனம் குழம்பை உடல்களோடு சேர்த்து அப்படியே உலர்த்திக் குறுணையாக்கி பயோலிஸ் என்ற பெயரில் விற்றது. அது லைசின் சல்பேற்று. அதில் லைசின் பாதிக்குச் சற்று மேல். பளிங்குச் சரக்கிலோ 78 வீதம். கப்பலில் ஏற்றும் பாரம் கூடும், ஆனால் ரெசின் இல்லை, அமோனியா இறக்கல் இல்லை, உப்பு நீர் மிகக் குறைவு. நோயாளியின் நாளத்தில் ஏறுகிற அமினோவமிலத்துக்கு இந்தச் சலுகை கொடுக்க முடியாது. அங்கே ரெசினும் பிறகு பளிங்காக்கலும் கட்டாயம். எந்தப் பொருளுக்கு எவ்வளவு தூய்மை தேவை என்று முதலில் கேட்டால், எவ்வளவு கழிவு தேவையில்லை என்பதும் தெரிந்துவிடும்.

இனி நம் மண்ணுக்கு வருகிறேன். பிள்ளைகள் கேட்பார்கள்: அம்பாறை மாவட்டத்தில் ஹிங்குரானைச் சீனி ஆலை இருக்கிறது, மொலாசஸ் இருக்கிறது, ஏன் நாமே லைசின் செய்யக்கூடாது? செய்யலாம், அறிவில் தடை இல்லை. ஆனால் ஒரு கிலோ லைசினுக்கு ஏறத்தாழ இரண்டு கிலோ சீனி வேண்டும். நம் மொலாசஸ் ஏற்கெனவே மதுசாரத்துக்குப் போகிறது. வெளிநாட்டு ஆலைகள் ஆண்டுக்கு இலட்சம் தொன் கணக்கில் செய்கின்றன. அந்த விலையோடு போட்டி போடுவது கடினம். ஆனாலும் லைசின் ஆலை வராவிட்டால் இந்த அறிவு பயன்படாது என்று நினைக்க வேண்டாம். ரெசின், உப்பு, அமிலம் பாவிக்கும் எத்தனையோ தொழில்கள் இருக்கின்றன. குளிர்பானப் போத்தல் தொழிற்சாலை நீரைச் சுத்தமாக்குவதும், சாய ஆலை நிறத்தைப் பிரிப்பதும் இதே கணக்கின் கீழ்தான். வாழைச்சேனையில் 1950களில் வந்த காகித ஆலை நம் வைக்கோலை மூலப்பொருளாக்கியதை இங்குள்ள மூத்தவர்கள் கண்டிருக்கிறீர்கள். அதுபோல நாளைக்கு வேறொன்று வரும், வரவும் வேண்டும். நம் பிள்ளைகளுக்கு வேலை வேண்டும்.

ஆனால் நாம் இருப்பது களப்பின் ஓரம். மட்டக்களப்பு வாவி ஐம்பது கிலோமீற்றருக்கு மேல் நீண்டு கிடக்கிறது, கடலுக்கு அதன் வாசல்களோ ஒடுக்கம். கோடையில் முகத்துவாரம் மண்ணடித்து மூடிவிடும். மாரி வெள்ளத்தில் வயல் மூழ்கும்போது வெட்டித் திறக்கச் சொல்லிக் கேட்பதை எல்லோரும் அறிவீர்கள். மூடியிருக்கும் மாதங்களில் உள்ளே விட்டது உள்ளேயே நிற்கும். அமோனியம் உப்பு போய்ச் சேர்ந்தால் நடப்பது என்ன? நைதரசன் பாசியை வளர்க்கும். பாசி அழுகும்போது ஒட்சிசனைத் தின்னும். வெயிலில் நீர் சூடாகி, பாசியால் பீஎச் ஏறும்போது அமோனியத்தில் ஒரு பங்கு அமோனியாவாக மாறும். மீனுக்கும் இறாலுக்கும் நஞ்சு அந்த வடிவம்தான். சல்பேற்று, காற்றுப் புகாத அடிச்சேற்றில் ஐதரசன் சல்பைட்டாகும். கூழ்முட்டை நாற்றம் அதனுடையது. நொதித்தல் தாங்கியில் ஊட்டமாக இருந்த பொருள்கள் களப்பில் வலைக்காரனின் நட்டமாகும்.

ஆகவே இந்தப் பக்கத்தில் எவர் எந்த ஆலைத் திட்டத்தோடு வந்தாலும் கேட்க வேண்டிய கேள்விகளைச் சொல்லி முடிக்கிறேன். ஒரு தொன் பொருளுக்கு எத்தனை கிலோ உப்பு வெளியேறும்? என்ன உப்பு? முகத்துவாரம் மூடியிருக்கும் மாதங்களில் அது எங்கே நிற்கும்? அதைப் பசளையாக வாங்குபவர் யார், அந்த விலையில் வற்றவைக்கும் செலவு வருமா? இந்தப் பொருளுக்கு இவ்வளவு தூய்மை உண்மையில் தேவையா? இவற்றைக் கேட்கக் கலாநிதிப் பட்டம் வேண்டாம். மூலர்த் திணிவும் பெருக்கலும் தெரிந்தால் போதும், க.பொ.த. உயர்தரம் படிக்கும் ஒரு பிள்ளை ஐந்து நிமிடத்தில் போடும் கணக்கு. சற்றுமுன் நீங்களே போட்டீர்கள். பதில் எண்ணாக வந்தால் மேற்கொண்டு பேசலாம். ‘கழிவே இல்லை’ என்று பதில் வந்தால், ஆசனத்தில் இருந்து யாரும் இறங்காமல் ஒருவர் ஏறினார் என்கிறார்கள். அதை நம்ப வேண்டாம்.

போத்தல்களும் சாயமும் மேசையில் இருக்கின்றன. உங்கள் காணி மண்ணைக் கொண்டுவந்தவர்கள் இப்போது வந்து சோதித்துப் பார்க்கலாம், சந்தேகங்களையும் கேட்கலாம்.